அண்ணன் அண்ணியைத் துன்புறுத்துகிறாரோ என்று ஐயமாக உள்ளது. நான் எப்படித் தலையிடுவது?

மேற்குக்காற்று எழுதியது:

என் அண்ணனைப் பற்றிய கேள்வி இது. அடையாளம் தெரிந்துவிடக் கூடாது என்பதால் ஊர், தொழில், வயது எதையும் குறிப்பிடவில்லை. அப்பா காலமான பிறகு எனக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டியவரும், என் திருமணத்தை முன்னின்று நடத்தியவரும் அவர்தான். அவர் மீது எனக்குள்ள பாசம் இன்றும் குறையவில்லை. ஆனால் அண்ணியை அவர் நடத்தும் விதம் சரியில்லை என்ற எண்ணம் எனக்குள் வலுத்துக்கொண்டே வருகிறது.

அண்ணி பள்ளி ஆசிரியையாக இருந்தார். குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று சொல்லி அண்ணன் அந்த வேலையை விடச் செய்தார். அப்போது வீட்டில் அம்மாவும் இருந்தார். அண்ணியின் ஏடிஎம் அட்டை அண்ணனிடம்தான் இருக்கிறது. நான் அழைத்தால் அண்ணி ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுகிறார். சொந்தத் தம்பியின் புதுமனைப் புகுவிழாவுக்குக்கூட அவர் போகவில்லை. தலைவலி என்று காரணம் சொல்லப்பட்டது.

சென்ற மாதம் அங்கே தங்கியிருந்தேன். மாலையில் வாசலில் வண்டிச் சத்தம் கேட்டவுடன், யாரும் சொல்லாமலேயே அவர்களுடைய ஆறு வயது மகள் தொலைக்காட்சியை அணைத்து, ரிமோட்டை அதற்குரிய இடத்தில் நேராக வைத்துவிட்டு, அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அண்ணியின் மேல்கையில் விரல்கள் அழுந்தியதைப் போன்ற கன்றிய தடம் இருந்தது. கேட்டதற்கு பீரோ கதவில் இடித்துக்கொண்டேன் என்றார்.

அம்மாவிடம் சொன்னேன். “குடும்பம் என்றால் முன்னே பின்னே இருக்கத்தான் செய்யும், நீ போய்க் கிளறாதே, போலீஸ், கேஸ் என்று போனால் நாத்தனார் என்று உன் பெயரையும் சேர்த்து எழுதிவிடுவார்கள்” என்கிறார். என் கணவரோ, பெரிய மாமாவை அழைத்து வந்து எல்லோரையும் உட்கார வைத்துப் பேசலாம் என்கிறார். அண்ணனிடம் நேரடியாகக் கேட்பதா, பெரியவர்களை வைத்துப் பேசுவதா, இல்லை, அண்ணியிடம் சொல்லாமலேயே எங்காவது தகவல் தெரிவிப்பதா? நான் எடுத்துவைக்கும் அடி அண்ணிக்கே வினையாக முடிந்துவிடுமோ என்று அஞ்சுகிறேன்.

செம்பருத்தி எழுதியது:

சகோதரி, உங்கள் அண்ணியின் இடத்தில் ஒரு காலத்தில் இருந்தவள் என்ற முறையில் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: தயவுசெய்து அண்ணனிடம் முதலில் போகாதீர்கள்.

என் கணவரின் மூத்த சகோதரர் நல்ல மனிதர். என் முகத்தைப் பார்த்து ஐயப்பட்டு, தம்பியைத் தனியே அழைத்து, “வீட்டில் கை நீட்டுகிறாயா?” என்று கேட்டார். என் கணவர் அவரிடம் பணிவாகத்தான் பதில் சொன்னாராம். அன்றிரவு கதவைச் சாத்திவிட்டு என்னிடம் கேட்கப்பட்ட கேள்வி, “யாரிடம் போய்ச் சொன்னாய்?” என்பதுதான். நான் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு என் கைப்பேசி பறிக்கப்பட்டது, பக்கத்து வீட்டுப் பேச்சும் நின்றது. கேட்டவருக்கு மனம் லேசாகியிருக்கும். அதற்கான விலையை நான் கொடுத்தேன்.

எனக்கு உண்மையிலேயே உதவியவர் என் ஓரகத்தி. மொட்டை மாடியில் வடகம் பிழிந்துகொண்டிருந்தபோது, என் முகத்தைப் பார்க்காமலேயே, “அக்கா, உங்களுக்கு இந்த வீட்டில் பயமாக இருக்கிறதா? இப்போது பதில் சொல்ல வேண்டாம். எப்போது சொல்லத் தோன்றினாலும் நான் நம்புவேன், யாரிடமும் சொல்ல மாட்டேன்” என்றார். அன்று நான் ஒன்றும் சொல்லவில்லை, பேச்சை மாற்றிவிட்டேன். அவரும் விட்டுவிட்டார். பல வாரங்கள் கழித்து நானாகவே சொன்னேன். ஏன் இன்னும் இங்கே இருக்கிறீர்கள் என்று அவர் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. குழந்தை, பணம், பிறந்த வீட்டின் நிலை, ஊர்ப் பேச்சு என்று எனக்கு ஆயிரம் கணக்கு இருந்தது. அந்தக் கணக்கைப் போட வேண்டியவள் நான்தான் என்பது அவருக்குப் புரிந்திருந்தது.

பீரோ கதவு என்று அண்ணி சொன்னதை மறுத்துப் பேசாதீர்கள். அவர் உங்களிடம் பொய் சொல்லவில்லை, தன்னைக் காத்துக்கொள்கிறார். வாட்ஸ்அப்பில் இந்த விஷயமாக ஒரு சொல்கூட எழுதாதீர்கள். ஸ்பீக்கரில் போட்டுப் பேச வைப்பவர் செய்திகளையும் படிக்கிறார் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும்.

வழக்குரைஞர் மதுரை எழுதியது:

குடும்ப வழக்குகளை நடத்துபவள் என்பதால் சட்டம் பற்றிய பகுதிக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

நீங்கள் விவரித்தவற்றில் பாதிக்கு மேல், அடி என்ற ஒன்றே இல்லாவிட்டாலும், சட்டத்தின் பார்வையில் வன்முறைதான். 2005ஆம் ஆண்டு இயற்றப்பட்டு 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் உள்ள குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம், உடல்ரீதியான தாக்குதலோடு பாலியல் கொடுமை, சொல்லாலும் மனத்தாலும் வதைப்பது, பொருளாதாரக் கொடுமை ஆகியவற்றையும் தன் 3ஆம் பிரிவில் சேர்த்திருக்கிறது. மனைவியின் பணத்தையும் சீதனப் பொருள்களையும் கைப்பற்றி வைத்துக்கொள்வதும் இதில் அடங்கும்.

தகவல் கொடுப்பது பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். அச்சட்டத்தின் 4ஆம் பிரிவின்படி, வன்முறை நடக்கிறது அல்லது நடக்கக்கூடும் என்று நம்பக் காரணமுள்ள எவரும் பாதுகாப்பு அலுவலரிடம் தகவல் தரலாம். நல்லெண்ணத்தோடு தந்த தகவலுக்காகத் தந்தவர் மீது உரிமையியல் வழக்கோ குற்ற வழக்கோ தொடுக்க முடியாது. தமிழ்நாட்டில் பாதுகாப்பு அலுவலரை மாவட்டச் சமூக நல அலுவலகத்தின் வழியாக அணுகலாம். ஆனால் சட்டம் அனுமதிக்கிறது என்பதாலேயே அதை இன்றே செய்துவிட வேண்டும் என்பதில்லை. உயிருக்கு ஆபத்து என்ற நிலை இல்லாதபோது, அண்ணியின் சம்மதம் இல்லாமல் ஓர் அலுவலர் வாசலில் வந்து நிற்பது, செம்பருத்தி அவர்கள் சொன்ன அதே கேள்வியைத்தான் வீட்டுக்குள் எழுப்பும். முதலில் நீங்கள் மட்டும் 181 என்ற மகளிர் உதவி எண்ணை அழைத்து ஆலோசனை கேட்கலாம். அது இருபத்து நான்கு மணி நேரமும் இயங்குகிறது.

உங்கள் தாயார் அஞ்சுவது வேறொரு சட்டம். முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தின் 498ஏ என்று இருந்து, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 85ஆம் பிரிவாக இருக்கும் குற்றப் பிரிவு அது. அதற்குத் தண்டனை மூன்று ஆண்டுகள் வரை. கணவரின் உறவினர் பெயரும் அதில் வர இடமுண்டு என்பது உண்மைதான். ஆனாலும் புகார் வந்தவுடன் இயந்திரத்தனமாகக் கைது செய்யக் கூடாது என்று 2014இல் அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அண்ணிக்குத் துணை நிற்பவருக்கு அந்தப் பிரிவைப் பற்றி அஞ்ச என்ன இருக்கிறது என்றுதான் நான் கேட்பேன். 2005ஆம் ஆண்டுச் சட்டமோ பெரும்பாலும் உரிமையியல் நிவாரணம் தருவது. அடிக்கக் கூடாது, தொடர்புகொள்ளக் கூடாது என்ற பாதுகாப்பு ஆணை, வீட்டில் வசிக்கும் ஆணை, பராமரிப்புத் தொகை, குழந்தையின் தற்காலிகப் பொறுப்பு ஆகியவற்றை நீதித்துறை நடுவரிடம் கேட்டுப் பெறலாம். பாதுகாப்பு ஆணையை மீறினால்தான் ஓராண்டு வரை சிறை, அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மனு கொடுத்து மூன்று நாள்களுக்குள் முதல் விசாரணை, அறுபது நாள்களுக்குள் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் இழுக்கத்தான் செய்கிறது. ஆயினும் அவசரம் என்று காட்டினால் இடைக்கால ஆணை பெற வழியுண்டு.

வீடு யார் பெயரில் இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. உங்கள் தாயார் பெயரில் இருந்தாலும், அண்ணி அங்கே வாழ்ந்து வந்திருப்பதால் அதைப் பகிர்ந்து வாழ்ந்த இல்லமாக, அதாவது அவருக்கு வசிக்கும் உரிமையுள்ள வீடாக, கருத இடமுண்டு என்று 2020இல் சதீஷ் சந்தர் அஹுஜா வழக்கில் உச்ச நீதிமன்றம் விளக்கியது. வீடு உன்னுடையது இல்லை, வெளியே போ என்ற மிரட்டலுக்கு இது முக்கியமான பதில். வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்களுக்கு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வழக்கறிஞரை அமர்த்தித் தரும். அனைத்து மகளிர் காவல் நிலையத்துக்குப் போக நேர்ந்தால், பேசி அனுப்பிவிடுகிறோம் என்பார்கள். பேசினாலும் பேசாவிட்டாலும் மனுவைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதை வாங்காமல் திரும்பக் கூடாது.

காவிரிக்கரை எழுதியது:

வழக்குரைஞர் அம்மா சொல்வது சரியாக இருக்கலாம். ஆனால் எடுத்த எடுப்பில் சட்டம், அலுவலர் என்று போனால் குடும்பம் ஒட்டாமல் போய்விடும். எங்கள் பக்கத்தில் இரு வீட்டுப் பெரியவர்களும் உட்கார்ந்து பேசி எத்தனையோ குடும்பங்களைச் சேர்த்து வைத்திருக்கிறோம். தங்கையின் கணவர் சொன்னபடி மாமாவை வைத்துப் பேசுவதே முதல் படியாக இருக்க வேண்டும் என்பது என் கருத்து. தண்ணீர்ப் பழக்கம் இருந்தால் அதை நிறுத்தச் செய்தாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

ஆற்றுப்படுத்துநர் எழுதியது:

ஐயா, உங்கள் நல்லெண்ணத்தை மதிக்கிறேன். நகையிலோ, பங்கிலோ, மாமியார் மருமகள் மனத்தாங்கலிலோ பெரியவர்கள் பேசித் தீர்ப்பது நடக்கக்கூடியதுதான், ஏனென்றால் அங்கே இரு தரப்பும் அஞ்சாமல் வாய் திறக்க முடியும். ஒருவர் மற்றவரைக் கண்டு அஞ்சும் இடத்தில் கூட்டி உட்கார வைத்துப் பேசுவது ஆபத்தானது. அவர் எதிரே அண்ணி உண்மையைச் சொன்னால் இரவில் அதற்குத் தண்டனை கிடைக்கும். சொல்லாவிட்டால், பார், ஒன்றுமே இல்லை என்று ஊரே முடிவு கட்டிவிடும். கணவன் மனைவி இருவரையும் சேர்த்து வைத்து ஆலோசனை வழங்கும் வழக்கத்தையும், வன்முறை இருக்கும் குடும்பங்களில் நாங்கள் இதே காரணத்துக்காகத் தவிர்க்கிறோம். குடிப்பழக்கத்துக்குச் சிகிச்சை கட்டாயம் வேண்டும், அதில் ஐயமில்லை. ஆனால் குடித்தவர் மேலாளரை அடிப்பதில்லை, பேருந்தில் பக்கத்தில் நிற்பவரை அடிப்பதில்லை, வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திய பிறகுதான் அடிக்கிறார். ஏடிஎம் அட்டையை வாங்கி வைத்துக்கொள்வதற்குப் போதை தேவைப்படுவதில்லை. தேசியக் குடும்ப நல ஆய்வின் 2019–21 சுற்றில், தமிழ்நாட்டில் 18 முதல் 49 வயதுக்குட்பட்ட, மணமான பெண்களில் சுமார் 38 விழுக்காட்டினர் கணவரின் வன்முறையைச் சந்தித்ததாகச் சொல்லியிருக்கிறார்கள். இத்தனை வீடுகளில் நடப்பதைச் சில குடிகாரர்களின் கோளாறு என்று ஒதுக்கிவிட முடியாது.

சகோதரி, அண்ணன் மீதுள்ள பாசத்தை நீங்கள் கைவிட வேண்டியதில்லை. அவர் கேட்கக்கூடிய ஒரு குரல் உங்களுடையது என்றால் அதைப் பாதுகாத்து வைத்திருங்கள். ஆனால் அதை எப்போது பயன்படுத்துவது என்பதை அண்ணியிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். அவர் வேண்டாம் என்றால் பேசாதீர்கள். சரி என்றால், அண்ணன் தனியாக, குடிக்காமல், நிதானமாக இருக்கும் வேளையில், பேச்சு முடிந்த கையோடு அவர் நேரே வீட்டுக்குப் போக வேண்டியிராத ஒரு நாளில் பேசலாம். உங்கள் கண்ணால் கண்டதை மட்டும் சொல்லுங்கள். “உன் வண்டிச் சத்தம் கேட்டதும் பாப்பா பயப்படுவதைப் பார்த்தேன், என்னால் அதை மறக்க முடியவில்லை” என்று சொல்வது உங்கள் சாட்சி. அண்ணி சொன்னார், பக்கத்து வீட்டில் சொன்னார்கள் என்ற பேச்சு மருந்துக்கும் வரக் கூடாது.

அவர் காரணம் சொல்வார். அவள் எதிர்த்துப் பேசுகிறாள், எனக்கு வேலையில் எவ்வளவு அழுத்தம் தெரியுமா, அப்பாவும் அப்படித்தானே இருந்தார் என்பார். வாதாடாதீர்கள், தலையாட்டவும் ஆட்டாதீர்கள். பாசத்தால் நீங்கள் ஒரு முறை ‘ஆமாம்’ என்று சொன்னாலும், ‘என் தங்கையே உன்மேல்தான் தப்பு என்கிறாள்’ என்று அது அண்ணியிடம் போய்ச் சேரும். “காரணம் எதுவாக இருந்தாலும் கை நீட்டுவது உன் முடிவுதான், அதை நிறுத்தவும் உன்னால்தான் முடியும், உதவி தேடினால் நான் கூட வருகிறேன்” என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். குரல் உயர்ந்தால் பேச்சை முடித்துவிட்டுக் கிளம்புங்கள். உங்கள் பாதுகாப்பும் இதில் அடங்கும். அவர் அழுது மன்னிப்புக் கேட்டால் மகிழ்ச்சி, ஆனால் அதை மாற்றமாக எண்ணிவிடாதீர்கள். அட்டை திரும்பக் கைக்கு வருகிறதா, அண்ணி தன் தம்பி வீட்டுக்குப் போய்வர முடிகிறதா என்பதை மாதக்கணக்கில் பார்த்துத்தான் மாற்றம் நடந்திருக்கிறதா என்று சொல்ல முடியும்.

மேற்குக்காற்று எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. குழந்தையின் தடுப்பூசிக்காக அண்ணியும் நானும் மருத்துவமனைக்குப் போன அன்று, செம்பருத்தி அவர்கள் சொன்னதைப் போலவே கேட்டேன். கைப்பேசியை வீட்டிலேயே விட்டு வந்திருந்தார். வரிசையில் உட்கார்ந்திருந்தபோது, யாரோ ஒருவரைப் பற்றிச் சொல்வதைப் போல மெல்லிய குரலில் சொன்னார். அண்ணன் அடிப்பது உண்மை. தீபாவளிக்குப் பிறகு ஒருமுறை கழுத்தைப் பிடித்து நெரித்திருக்கிறார், கண் இருட்டிக்கொண்டு வந்ததாம். பிறந்த வீட்டுக்குப் போகிறேன் என்று சொன்னதற்கு, “நீ போனால் நான் தூக்கில் தொங்கிவிடுவேன், அதற்கு முன் உன்னையும் சும்மா விட மாட்டேன்” என்று சொல்லியிருக்கிறார். அண்ணி இன்னும் எந்த முடிவும் எடுக்கவில்லை. அண்ணனிடம் இப்போது எதுவும் பேச வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். இனி நான் என்ன செய்ய வேண்டும்?

ஆற்றுப்படுத்துநர் எழுதியது:

நீங்கள் எழுதியதில் இரண்டு செய்திகள் என்னைக் கவலைகொள்ள வைக்கின்றன. கழுத்தை நெரிப்பது மற்ற அடிகளைப் போன்றதல்ல. ஒரு முறை அப்படிச் செய்தவர் பின்னாளில் உயிரைப் பறிக்கும் ஆபத்து பல மடங்கு கூடுகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. வெளியே ஒரு தடமும் தெரியாமல் உள்ளே காயம் இருக்கலாம், சில மணி நேரம் கழித்தும் மூச்சுத் திணறலாம். மறுபடி நடந்தால், நடந்த அன்றே மருத்துவரிடம் போய் என்ன நடந்தது என்று சொல்லச் சொல்லுங்கள். அந்தப் பதிவு பின்னர் வழக்குக்கும் பயன்படும். இரண்டாவது, அண்ணி பிரிந்து போவதைப் பற்றிப் பேசியதும் வந்த மிரட்டல். வீட்டை விட்டுக் கிளம்பும் நாளும் அதை அடுத்து வரும் வாரங்களும்தான் மிக ஆபத்தானவை. எனவே போகப் போகிறேன் என்று இனி அவரிடம் சொல்லவே கூடாது. போவதாக முடிவு செய்தால் சொல்லாமல், ஏற்பாட்டோடு போக வேண்டும். நீங்கள் அண்ணனிடம் பேசும் யோசனையை இப்போதைக்கு முழுவதுமாக ஒதுக்கி வையுங்கள்.

ஏற்பாடு என்பது சின்னச் சின்னச் செயல்கள்தான். அண்ணி, குழந்தை இருவரின் ஆதார் நகல், பிறப்புச் சான்றிதழ், அண்ணியின் படிப்புச் சான்றிதழ்கள், நகை ரசீதுகள், கொஞ்சம் ரொக்கம் ஆகியவற்றை ஒவ்வொன்றாக உங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்துக்கொள்ளலாம். ஒரே நாளில் எடுத்தால் பீரோ காலியாகத் தெரியும். உங்கள் இருவருக்கும் மட்டும் தெரிந்த ஒரு சாதாரண வாக்கியத்தைப் பேசி வைத்துக்கொள்ளுங்கள். ஸ்பீக்கரில் போட்டுப் பேசும்போதே, “மிளகாய்த் தூள் அரைக்கக் கொடுத்தாயா?” என்று அண்ணி கேட்டால், நீங்கள் உடனே 112 என்ற அவசர உதவி எண்ணை அழைக்க வேண்டும் என்று பொருள். சண்டை முற்றினால் அடுப்படிப் பக்கமோ குளியலறைப் பக்கமோ ஒதுங்காமல், வாசல் உள்ள அறைக்கு வந்துவிட வேண்டும். குழந்தைக்கு, சண்டையை விலக்கப் போகாமல் பக்கத்து வீட்டுக்கு ஓடக் கற்றுக்கொடுக்கலாம்.

பக்கத்து வீட்டில் நம்பத் தகுந்தவர் இருந்தால், அண்ணி சம்மதித்தால், சத்தம் கேட்கும்போது அழைப்பு மணியை அடித்து எதையாவது இரவல் கேட்கும்படி சொல்லி வைக்கலாம். பிரேக்த்ரூ என்ற அமைப்பு 2008இல் தொடங்கிய பெல் பஜாவோ (மணியை அடியுங்கள்) பிரசாரம் அதைத்தான் சொன்னது. நியாயம் கேட்காமல், சண்டையிடாமல், அந்த நிமிடத்தை உடைப்பது மட்டுமே அதன் வேலை. ஆயுதம் கையில் இருந்தால் யாரும் உள்ளே போகக் கூடாது, காவல் துறையை அழைக்க வேண்டும்.

தற்கொலை மிரட்டலைப் பொய் என்று தள்ளவும் வேண்டாம், அதற்காக அண்ணி அங்கேயே இருந்தாக வேண்டும் என்றும் எண்ண வேண்டாம். உண்மையிலேயே அண்ணன் அந்த நிலைக்குப் போனால், 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணையோ 108ஐயோ அழைப்பது நீங்களாகவோ உங்கள் கணவராகவோ இருக்கட்டும். அந்தப் பொறுப்பை அண்ணியின் தோளிலிருந்து இறக்கி வைப்பது, தங்கையாக நீங்கள் செய்யக்கூடிய பெரிய உதவி.

வழக்குரைஞர் மதுரை எழுதியது:

கழுத்து நெரிப்பும் கொலை மிரட்டலும் இருப்பதால் என் முந்தைய பதிலில் ஒன்றை மாற்றிச் சொல்கிறேன். அண்ணியிடம் கேட்டுக்கொண்டு, மாவட்டத்திலுள்ள சகி ஒருங்கிணைந்த சேவை மையத்துக்கு இருவருமாக ஒருமுறை போய் வாருங்கள். குழந்தையின் மருத்துவமனை நாளையே அதற்கும் பயன்படுத்திக்கொள்ளலாம். மருத்துவ உதவி, சட்ட ஆலோசனை, மன ஆலோசனை, காவல் உதவி ஆகியவை அங்கே ஒரே இடத்தில் கிடைக்கும். அவசரமானால் ஐந்து நாள்கள் வரை குழந்தையோடு தங்கவும் முடியும். போனதாலேயே வழக்குப் போட்டாக வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. இந்தத் திரியைப் படித்த தடம் உங்கள் கைப்பேசியில் இருந்தால், அடுத்த முறை அண்ணன் வீட்டுக்குப் போவதற்கு முன் அதை அழித்துவிடுங்கள்.